சரண்ஜித் சிங் தற்செயல் அல்ல

"பட்டனைத் தட்டுனா பாட்டு வருது. இதுல இவன் என்னத்தப் பண்ணான்?"

கணினியிலும் சின்தசைசரிலும் இசை செய்பவர்களைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் இதை டீக்கடையில் கேட்கலாம். கொஞ்சம் நாகரிகமான சொற்களில் கச்சேரி அரங்கின் வாசலிலும், ஞாயிறு பூசை முடிந்து கலையும் பாடகர் குழுவிலும் கேட்கலாம். படித்தவர்கள் எழுதும்போது "ஆன்மா இல்லாத இசை" என்று எழுதுவார்கள். எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: செய்தது இயந்திரம், மனிதருக்கு அதில் பங்கில்லை. ஒற்றை அறை வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய லேப்டாப்பில் தாளம் கோக்கிற பையனிடம் அம்மா கேட்கிறார்: "ஒழுங்கா ஏதாவது ஒரு வாத்தியம் கத்துக்கக் கூடாதாடா?"

அந்த அம்மாமீது எனக்குக் கோபமில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற கவலை அவருடையது. ஆனால் இசை தெரிந்தவர்களும் இதையே சொல்லும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கருத்து தவறு. நம் நாட்டிலேயே நடந்து முடிந்த ஒரு பெரிய வேலையை இது நம் கண்ணிலிருந்து மறைத்தும் வைத்திருக்கிறது. பம்பாய்க்காரர் ஒருவரின் தொழில் வாழ்க்கையை வைத்து அதைச் சொல்கிறேன்.

சரண்ஜித் சிங் இந்தித் திரையிசைக் குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். ஷங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாரிடமும் வேலை செய்தார். படத்தின் எழுத்துகளில் பெயர் வராது. அழைத்த நேரத்துக்குப் போய், குறிப்பைப் பார்த்து வாசித்துவிட்டு, அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டிய வேலை. மற்ற நாட்களில் தன் குழுவோடு கல்யாணங்களில் வாசித்தார். 1982இல், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு அவர் ஓர் இசைத்தட்டு செய்தார்: ஜூபிட்டர்-8 சின்தசைசர், டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பாஸ் இயந்திரம். தட்டின் பெயர் 'சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. இந்திய கிராமபோன் கம்பெனி வெளியிட்டது. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம், அடியில் டிஸ்கோ தாளம். விற்கவில்லை. மறந்துபோனது.

அவர் செய்த வேலை என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "இவன் என்னத்தப் பண்ணான்" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

டிபி-303 கையடக்கமான ஒரு வெள்ளிநிறப் பெட்டி. பாஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்க்காரர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜப்பானில் செய்தார்கள். நிஜ பாஸ் கிதார் போல அது ஒலிக்கவில்லை. 1984க்குள் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதில் பட்டனைத் தட்டினால் பாட்டு வராது. பதினாறு படிகள் கொண்ட ஒரு சுற்றை அதற்குச் சொல்லித்தர வேண்டும். முதலில் எந்தெந்த ஸ்வரம் என்று ஒருமுறை. அந்த ஸ்வரங்கள் எந்தெந்தப் படியில் விழ வேண்டும், எங்கே மௌனம் என்று தனியாக இன்னொரு முறை. எதற்கு அழுத்தம், எதிலிருந்து எதற்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் நாமே குறிக்க வேண்டும். முழுச் சுற்றும் மனதில் ஓடாதவரால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. அட்சரக் கணக்கு வைத்துக் கோர்வை அமைக்கிற மிருதங்கக்காரருக்கு இந்த வேலையின் தன்மை உடனே புரியும்.

இப்போது அந்தப் பெட்டியில் ஒரு ராகத்தை ஏற்றுங்கள். தட்டு பைரவில் தொடங்குகிறது. நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். பின்னால் பூபாலி வருகிறது, நம் மோகனம். யமன் வருகிறது, கல்யாணி. மால்கௌன்ஸ், ஹிந்தோளம். கலாவதி, வலஜி. பைராகி, ரேவதி. டிஸ்கோ என்றால் பாஸ் கார்டு மாற்றத்தைத் தொடர்ந்து நகர வேண்டும் என்பது அன்றைய வழக்கு. ராகத்தில் கார்டு மாற்றம் கிடையாது. ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. மேற்கத்திய பாஸ்காரரின் விரல் பழக்கத்தால் முதலில் போய் விழுகிற ஸ்வரம் அதுதான். ஆகவே சரண்ஜித் சிங் கார்டுகளைத் தூக்கி எறிந்தார். ஆதார ஷட்ஜத்தை விடாமல் பற்றிக்கொண்டு, ராகத்துக்கு உரிய ஸ்வரங்களில் மட்டும் சுழலும்படி பாஸை அமைத்தார். தம்புராவின் வேலையைப் பாஸிடம் கொடுத்தார் என்று சொல்லலாம். தபலாவை நிறுத்தினார், அந்த இடத்தில் 808. அதன்மேல் ஜூபிட்டரில் ராகத்தைக் கையால் வாசித்தார். இவை முடிவுகள். ராகம் தெரியாதவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தோன்றியிருக்காது, இயந்திரம் தெரியாதவரால் இவற்றில் ஒன்றையும் நிறைவேற்றியிருக்க முடியாது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டபோது அவர் தெளிவாகவே பதில் சொன்னார்: திரைப்படமெங்கும் டிஸ்கோவாக இருந்த காலம் அது, அதை வைத்தே வேறு எதையாவது செய்து பார்க்கத் தோன்றியது.

ஒலி வறண்டது என்று ஒருவர் சொல்லலாம். கமகம் போதாது என்று சொல்லலாம். அது நியாயமான விமரிசனம், உட்கார்ந்து பேசத் தகுந்தது. எனக்கே இந்தத் தட்டில் வரும் தோடியில் அந்தக் குறை படுகிறது. ஆனால் அப்படிச் சொல்பவர், செய்த மனிதரிடம் குறை காண்கிறார். மனிதரே அங்கே இல்லை என்று சொல்வது வேறு.

இந்தக் கதைக்கு ஒரு வெளிநாட்டுப் பாதியும் உண்டு. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். பிறகு பம்பாயில் சரண்ஜித் சிங்கையே தேடிப்பிடித்து, 2010இல் மறுவெளியீடு செய்தார். கேட்டவர்கள் திகைத்தார்கள். 1987இல் சிகாகோவில் ஃபியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டுத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் இசையைப் போலவே இது ஒலித்தது. ஐந்து ஆண்டு முந்தியது. முதலில் சிலர் இது ஏமாற்று என்றார்கள், ஐரோப்பிய எலெக்ட்ரானிக் இசைக்காரர் யாரோ அண்மையில் செய்து பழைய உறையில் போட்டுவிட்டார் என்றார்கள். ஏமாற்று இல்லை என்று தெரிந்த பிறகு புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. ஆசிட் ஹவுஸைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் என்று எழுதினார்கள். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ஊர் இளைஞர்களும் பெருமையாக அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

நான் அதை ஏற்கவில்லை. சிகாகோ இளைஞர்கள் பழைய 303 ஒன்றை மலிவாக வாங்கி, ஓடும் சுற்றின்மேல் குமிழ்களைத் திருகித் திருகி, அதன் ஒலி நெளிவதைத் தேடினார்கள். அவர்கள் தேடியது ஒலியை. சரண்ஜித் சிங் தேடியது ராகத்தை. ஒரே இயந்திரத்தில், சீரான நான்கு அடி தாளத்தின்மேல், ஓர் ஆதார ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கின்றன. ஒன்று மற்றதன் முன்னோடி இல்லை. பிற்பாடு சிகாகோவில் நடந்த ஒன்றோடு ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இவருக்கு மதிப்பு என்றால், அது நடந்தே இராவிட்டால் இவருக்கு மதிப்பே இல்லையா? பல ஆண்டுகள் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து பழகிய காதும், ராகப் பயிற்சியும், புதுக் கருவியைத் தேடிப்பிடித்துக் கற்கும் ஆர்வமும் சேர்ந்து செய்த வேலையைத் தற்செயல் என்று அழைப்பதில் இருப்பது என்ன? "பட்டன் செய்தது" என்று ஆஸ்டின் டவுன் டீக்கடை சொல்கிறது. "தற்செயல் செய்தது" என்று ஐரோப்பா சொல்கிறது. இரண்டு இடத்திலும் அந்த மனிதருக்கு மூளை இருந்தது என்பதுதான் மறுக்கப்படுகிறது.

அவர் கடைசிக் காலத்தில் அந்தக் கருவிகளோடு வெளிநாட்டு மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் பம்பாயில் காலமானார்.

இனி நம் பக்கத்துச் சங்கீதக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். மின்னணுக் கருவியில் ஜீவன் இல்லை என்கிறார்கள். கர்நாடகக் கச்சேரி மேடையை ஒருமுறை பாருங்கள். பாடகருக்குப் பின்னால் தம்புரா இருந்தாலும், அவர் அருகில் சின்னதாக ஒரு பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் சாதகம் செய்கிறவர்களிடமோ பெரும்பாலும் பெட்டி மட்டும்தான். மின்னணுச் சுருதிப் பெட்டியை 1970களின் கடைசியில் உருவாக்கியவர் ஜி. ராஜ் நாராயண், நம் பெங்களூருக்காரர். புல்லாங்குழல் கலைஞர், பொறியாளர். அவருடைய ரேடல் நிறுவனத்திலிருந்து மின்னணுத் தம்புராவும் தாளக் கருவியும் டிஜிட்டல் வீணையும் வந்தன. மின்னணுவில் பிறந்த ஷட்ஜத்தின்மேல் நின்று தோடியை விரிவாக ஆலாபனை செய்துவிட்டு, மின்னணு இசைக்கு ஜீவன் கிடையாது என்று சொல்லலாமா?

இந்த மறுப்பும் புதிதல்ல. கமகம் வராத அன்னியக் கருவி என்று ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அது தளர்ந்தது. அந்த ஆண்டுகளில் கிராமத்துக்குக் கிராமம் கூத்தும் நாடகமும் பஜனையும் ஆர்மோனியத்தால்தான் நடந்தன. மின்சார மாண்டலினோடு சின்னப் பையனாக ஸ்ரீனிவாஸ் மேடையேறியபோதும் புருவங்கள் உயர்ந்தன. இன்று கீபோர்டில் பிட்ச் பெண்டைத் திருப்பிக் கமகம் வாசிக்கும் கே. சத்யநாராயணன் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ஒவ்வொரு முறையும் கருவியைப் பழித்தோம், வாசித்தவரின் விரலால் மனம் மாறினோம். அடுத்த கருவி வந்ததும் பழையபடி தொடங்கிவிட்டோம்.

மேற்கிலிருந்து இறக்குமதியான பண்டம் என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சின்தசைசர் கொண்ட மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அதற்குத் துணைநின்ற கீதா சாராபாய் 1940களில் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தவர். அந்தக் கூடத்தில் இந்தியர்கள் செய்த பதிவுகள் பல பத்தாண்டு தூங்கிவிட்டு 2023இல்தான் இசைத்தட்டாக வந்தன. போக்கும் வரவும் இரண்டு பக்கமும் இருந்தது.

பெங்களூரில் பிறந்து வளர்ந்த ஒருவரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பித்து. குடகுக் குடும்பம், பெங்களூரில் கிதார் பிடித்து, ட்ரோஜன்ஸ் என்று ஒரு குழு வைத்து, கல்கத்தாவிலும் பம்பாயிலும் விடுதி மேடைகளில் பாடிவிட்டு, 1960களின் பிற்பகுதியில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1974இல் அவர் தயாரித்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காக, கூடத்துக்குக் கட்டிய நேரத்தில் மிஞ்சிய பத்து நிமிடத்தில் பதிவானது என்பதை எல்லாரும் சொல்வார்கள், அதிர்ஷ்டம் என்று முடிப்பதற்காக. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் இருந்த லண்டன் ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. அதிர்ஷ்டம் என்றால் அது ஒருமுறை வரும். 1976இல் அவர் தயாரித்து டீனா சார்ல்ஸ் பாடிய பாட்டு பிரிட்டனில் முதலிடம். 1980இல் 'குர்பானி'க்காக, பதினைந்து வயது நாஸியா ஹசனை வைத்து லண்டனில் பல தட அடுக்குகளில் பதிவுசெய்த 'ஆப் ஜைசா கோயி'. அந்தப் படத்தை எடுத்த ஃபெரோஸ் கானும் பெங்களூரில் பிறந்தவர் என்பதை நம் ஊர்க்காரன் என்ற உரிமையில் சேர்த்துச் சொல்கிறேன். 1981இல் 'டிஸ்கோ தீவானே'. 1995இல் அலிஷாவின் 'மேட் இன் இந்தியா'. இருபது ஆண்டுக்கு மேலாக, மூன்று நாட்டுச் சந்தைகளில், வெவ்வேறு குரல்களை வைத்து வென்ற ஒருவரின் திறமைக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க ஒரே காரணம்தான்: தயாரிப்பாளர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தக் குரல், அதை எத்தனை முறை அடுக்குவது, பாஸ் எங்கே நுழைய வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் காதில் முடிவானவை. நாம் கேட்பது முடிவை மட்டும். 1982இல் சரண்ஜித் சிங் திரும்பிய பக்கமெல்லாம் டிஸ்கோ ஒலிக்கக் காரணமானவர்களில் இந்தப் பெங்களூர்க்காரர் முக்கியமானவர்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. இயந்திரம் வந்து வாசிப்பவர்களின் வேலையைப் பறித்தது. கோடம்பாக்கத்தில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து வாசித்த கூடங்கள் அமைதியாகிப்போனது உண்மை. வயலினும் செல்லோவும் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்கள் வருமானம் இழந்தது உண்மை. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஐம்பது பேரை அழைக்க வேண்டாம் என்று தீர்மானித்தவர் யார்? சம்பளப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர். சீக்வென்சருக்கு அந்த அதிகாரம் இருந்ததில்லை. 'புன்னகை மன்னன்' (1986) இசையில் இளையராஜா கணினியைப் புகுத்தினார். அதன்பிறகும் பெரிய வாத்தியக் குழுவுக்கு நோட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 'ரோஜா' (1992) வந்தபோது கம்ப்யூட்டர் மியூசிக் என்று தள்ளிவைக்கப்பட்ட ஏ.ஆர். ரஹ்மான், அப்பா ஆர்.கே. சேகர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்குக் கொடுத்துக் குடும்பம் பிழைத்த வீட்டுப் பிள்ளை. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே மற்றவர்களின் குழுவில் கூலிக்கு கீபோர்டு வாசித்தவர். 2008இல் அவரே ஓர் இசைப்பள்ளி தொடங்கி, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லித்தர வைத்தார். சரண்ஜித் சிங்கும் பெயரில்லாமல் சம்பளத்துக்கு வாசித்தவர்தான். இவர்களை வாத்தியக்காரர்களுக்கு எதிரிகளாக நிறுத்துவது, ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிரித்துவைத்துச் சண்டை மூட்டுவது. கேட்க வேண்டிய கணக்கை முதலாளியிடம் கேளுங்கள்.

இதை ஆஸ்டின் டவுனை வைத்துச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. கண்டோன்மென்ட் காலத்தில் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களின் பேரப் பிள்ளைகள் வாழும் பகுதி இது. கிட்டல் நகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஆட்டோக்காரரிடம் ஆஸ்டின் டவுன் என்றுதான் சொல்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோயிலில் ஒன்று, குழந்தை இயேசு ஆலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான்கைந்து மொழி. இப்படி வளர்கிற காதுக்கு, தமட்டையையும் தேவாலயக் கோரஸையும் கானாவையும் ஒரே சுற்றில் அடுக்கிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. பியானோ வைக்க வீட்டில் இடமில்லை, வயலின் வாத்தியாருக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாது. எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய கணினியில் அது முடியும். வாத்தியம் கற்க வசதியில்லாத பிள்ளைக்குத் திறந்திருக்கும் ஒரே இசைக் கதவை, அதற்குள் இருப்பது இசையே இல்லை என்று சொல்லி நாம் சாத்துகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறேன், நடக்கக்கூடிய ஒன்று. நவம்பர் வந்தால் கன்னட ராஜ்யோத்சவத்துக்கு இந்தத் தெருக்களில் ஆர்கெஸ்ட்ரா மேடை போடுகிறார்கள். ஒரு டிரம்ஸ், ஒரு பேட், ஒரு கீபோர்டு. மீதி வாத்தியமெல்லாம் முன்கூட்டியே செய்துவைத்த ட்ராக்கிலிருந்து வருகிறது. அந்த ட்ராக்கை இரண்டு மூன்று ராத்திரி கண்விழித்து, பாடகரின் சுருதிக்கு மாற்றி, பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போட்டுச் செய்தவர் பெரும்பாலும் இருபது வயதுக்காரர். மேடையில் பாடகரை, டிரம்ஸ்காரரை, பேட் வாசிப்பவரை, ஒலிபெருக்கிக்காரரைக்கூடப் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார்கள். ட்ராக் செய்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. வாசித்தவர்களுக்குச் சம்பளம் பேசுகிறவர்கள் ட்ராக்குக்கென்று தனியாக எதுவும் பேசுவதில்லை. "சும்மா கம்ப்யூட்டர்ல போட்டதுதானே" என்கிறார்கள். இந்த நவம்பரில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.